பாட்டிலே பங்கு

வழிபாட்டில் எந்த மொழியிற் பாடுவது, அப்பாட்டை யார் தொடங்குவது, எந்தச் சுருதியில் தொடங்குவது என்பனவெல்லாம் பக்தர்களுக்கு மட்டுமே உரிய பிரச்சினைகள் என முற்போக்காளர் பலர் கருதுவதுண்டு. சமயம் தனிமனிதரின் நம்பிக்கை; அதனுள் நாம் தலையிடுவதற்கில்லை என்பது அவர்தம் வாதம். நம்பிக்கையைப் பொறுத்தவரையில் இவ்வாதம் சரியே. ஆயின், பல மொழி பேசுவோர் ஒரே கூரையின் கீழ்க் கூடி, ஒரே குரலிற் பாட முற்படும்பொழுது அங்கே எழும் கேள்வி நம்பிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. பலர் சேர்ந்து வாழும் இடத்திற் பொதுவானது எது, அதனை நிர்ணயிப்பவர் யார், அப்பொதுமைக்காக விலை கொடுப்பவர் யார் என்பதே அக்கேள்வி. நாட்டின் அரசியலில் நாம் நாள்தோறும் எதிர்நோக்கும் கேள்வியும் இதுவே. நாட்டிற் பெரிதாய்ப் பரந்து கிடப்பது கோவிலிற் சிறிதாய்க் கண்முன் நிற்கிறது. ஆதலால் இலங்கையின் மேற்குக் கரையிலும் கொழும்பிலுமுள்ள கத்தோலிக்கப் பங்குகளை உதாரணமாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

கத்தோலிக்கர் வழங்கும் தமிழில், ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள மக்கட் கூட்டத்துக்குப் 'பங்கு' என்று பெயர். இச்சொல்லின் மற்றப் பொருளை நாம் அனைவரும் அறிவோம். பங்கு என்பது கூறு. ஒருவருக்கு உரிமையாக வந்துசேர வேண்டிய பாகம். கரைவலை இழுத்தவனுக்கு மீனிலே பங்குண்டு. காணியில் உழைத்தவனுக்கு விளைவிலே பங்குண்டு. அவ்வாறாயின், பங்கிலே கூடும் மக்களுக்குப் பாட்டிலே எவ்வளவு பங்கு? இதுவே நமது விசாரணையின் தொடக்கம்.

இலத்தீன் மொழி ஆட்சிபுரிந்த காலத்தில் இக்கேள்வி எழவில்லை என்று சொல்வோர் உளர். பூசை தாய்மொழியிலேயே நடைபெறல் வேண்டும் என்று வற்புறுத்தியோரைத் திரிதெந்துச் சங்கம் 1562இற் கண்டித்தது. அதன்பின் நானூறு ஆண்டுகள் இலத்தீனே நிலைத்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கும் நீர்கொழும்பு மீனவனுக்கும் கொழும்புச் சீமானுக்கும் அது ஒருசேர அந்நிய மொழி. ஒருவரின் மொழி மற்றவரின் மொழியை அங்கே அடக்கவில்லை. ஆகவே சண்டையும் இல்லை என்பது அவர்கள் காணும் நன்மை. இது இல்லாமையிற் காணும் சமத்துவமாகும். எல்லோர் வாயையும் கட்டிவிட்டால் யாரும் பேச்சிற் பின்தங்கமாட்டார். அச்சமத்துவமும் முழுமையானதன்று. இலத்தீன் கற்ற குருவானவரும், ஆங்கில மொழிபெயர்ப்புடன் கூடிய பூசைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த படித்த குடும்பத்தாரும் நிகழ்வதை அறிந்திருந்தனர். எஞ்சியோர் செபமாலை உருட்டிக்கொண்டு மணியோசை கேட்டபோது முழந்தாளிட்டனர்.

ஆயினும் மக்கள் வாய் மூடியிருக்கவில்லை. பீடத்தில் இலத்தீன் ஒலித்தபோது, முற்றத்திலும் வீட்டிலும் தவக்காலத்து இரவுகளிலும் மக்கள் தம் மொழியிலேயே அழுதனர், பாடினர், கூத்தாடினர். மன்னார் வாசாப்பும் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கக் கூத்தும் இவ்வாறு தழைத்தவையே. இவ்விடத்தில் இருவரை நினைத்தல் தகும். கோவாவிலிருந்து 1687இல் இங்கு வந்த யோசப் வாஸ் அடிகளாரும், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் கொங்கணி வழங்கும் மண்ணிற் பிறந்தவர்கள். தமிழோ சிங்களமோ அவர்களுக்குத் தாய்மொழியன்று. இருமொழிகளையும் அவர்கள் முயன்று கற்றனர். 1742இற் போலவத்தையில் இறந்த கொன்சால்வெஸ், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல எழுதினார். தமிழில் அவர் பெயரால் வழங்கும் வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் ஓதப்பட்டு வந்தது.

இதற்கு அவர்களுடைய நல்லுள்ளம் மட்டுந்தான் காரணமா? அக்காலத்திற் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்தனர். கரையோரத்தில் அச்சமயத்துக்கு அரசின் துணை இல்லை. பள்ளிக்கூடமும் உத்தியோகமும் அதன் கையில் இல்லை. மக்களின் மனத்தை அன்றி வேறு இருப்பிடம் அதற்கு இல்லாதபோது, மக்களின் மொழியைக் கற்பது தவிர்க்கவியலாத கடமையாயிற்று. அதிகாரம் இல்லாதவனே பிறர் மொழியைக் கற்கிறான் என்ற இவ்வுண்மையை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. ஆதரித்தோர் 2,147 பேர், எதிர்த்தோர் நால்வர். மக்கள் வழிபாட்டிற் பார்வையாளராய் இருத்தல் ஆகாது, அறிந்து, முழுமையாக, செயல் வழியாகப் பங்குகொள்ள வேண்டும் என்பது அச்சாசனத்தின் சாரம். தாய்மொழிக்கு அது வழி திறந்தது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தருமாறும் பணித்தது. பீடத்தை நோக்கி முதுகு காட்டி நின்ற குருவானவர் மக்கள் பக்கம் திரும்பினார். இது உண்மையில் ஒரு சனநாயக மாற்றமே என்பதை நாம் தயக்கமின்றி ஏற்கலாம்.

ஆனால் மக்கள் மொழி என்றதும், எந்த மக்களின் மொழி என்ற கேள்வி உடனே எழுகிறது. இலங்கையில் அக்கேள்வி வெறுமையான ஓர் இடத்தில் எழவில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. மொழி என்பது உத்தியோகம், மொழி என்பது பள்ளிக்கூடம், மொழி என்பது உயிருக்குப் பாதுகாப்பு என்றாகிவிட்ட ஒரு நாட்டில், மொழி கோவிலுக்குள்ளும் நுழைந்தது. வெளியிலிருந்த ஏற்றத்தாழ்வும் அதனோடு கூடவே நுழைந்தது.

புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு ஆகிய கரையோரப் பகுதிகளிலே தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவ மக்கள் பலர், சில தலைமுறைகளுக்குள் சிங்களம் பேசுவோராய் மாறிய வரலாற்றை நாம் அறிவோம். நீர்கொழும்பு மீனவர் சிலரிடையே இன்றும் சிங்களத்தின் சாயல் படிந்த ஒரு தனித் தமிழ் வழங்குகிறது. மொழியியலாளர் அதனை ஆராய்ந்துள்ளனர். அது பெரும்பாலும் வீட்டிலும் வள்ளத்திலும் வழங்கும் மொழி. அதில் எழுதுவோர் அரியர். பிள்ளைகள் படிப்பது சிங்களத்தில், பாடுவதும் சிங்களத்தில். இம்மாற்றத்தைக் கொணர வாளோ துப்பாக்கியோ தேவைப்படவில்லை. போதனாமொழி மாறியது, மறையுரை மாறியது, பாட்டு மாறியது, அவ்வளவே.

இங்கு நாம் நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும். ஒரு மனிதன் இன்னொரு மொழியைத் தனதாக்கிக்கொள்வது குற்றமன்று. திருமணத்தால், தொழிலால், அயலவரின் அன்பால் மக்கள் மொழி மாறுவது உலகெங்கும் நிகழ்வதே. அக்கரையோர மக்கள் சிங்களம் கற்றது அவர்களுக்குச் செல்வமேயன்றி இழப்பன்று. புதிய மொழியைப் பெறுவதற்குப் பழைய மொழியை விலையாகக் கொடுக்க நேர்ந்ததே அநீதி. அவ்விலையைக் கொடுத்தவர் ஒரு பக்கத்தினர் மட்டுமே என்பது அநீதியின் மறு பாதி. இருமொழியாளராய் இருக்கும் கடமை எளியவருக்கும், ஒருமொழியாளராய் இருக்கும் சலுகை வலியவருக்கும் என்று எழுதாச் சட்டமொன்று வகுக்கப்பட்டிருந்தது. பேத்தி பாடும் பாட்டைப் பாட்டி பாடவியலாமலும், பாட்டியின் ஒப்பாரியைப் பேத்தி விளங்கவியலாமலும் ஒரே வாங்கில் இருவரும் அமர்ந்திருப்பதே அச்சட்டத்தின் விளைவு.

இனி, பலமொழிப் பங்குகளில் வழங்கிவரும் தீர்வுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, பெரும்பான்மையின் மொழியிற் பாடுவது. இது சனநாயகம் போலத் தோன்றும். ஆனால் எண்ணிக்கை என்பது எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. பெங்களூரைப் பார்ப்போம். அந்நகரத்துக் கத்தோலிக்கருள் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். கன்னட நாட்டின் தலைநகரிலே, கன்னடக் கத்தோலிக்கர் தம் மொழிக்கு வழிபாட்டில் இடம் கேட்டுப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது. கோவிலை எல்லையாகக் கொண்டால் அங்கே கன்னடர் சிறுபான்மையினர். மாநிலத்தை எல்லையாகக் கொண்டால் தமிழர் சிறுபான்மையினர். இருதரப்பாரும் தமக்கு வாய்ப்பான எல்லையையே நீதியின் எல்லை என்றனர். கொழும்பில் நாம் கேட்கும் நியாயத்தைப் பெங்களூரில் மறுப்போமாயின், நாம் கேட்பது நியாயமன்று. தமிழுக்குச் சலுகை மட்டுமே. நமது மொழி வலுவுடன் நிற்கும் இடத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே நமது கொள்கைக்கு உரைகல்.

இரண்டாவது, வேளை பிரித்துக் கொடுப்பது. காலையிற் சிங்களப் பூசை, பின்னர் தமிழ்ப் பூசை, மாலையில் ஆங்கிலப் பூசை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் நிறைவாகப் பாடலாம் என்பது இதன் சிறப்பு. இச்சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒடுங்கிவரும் ஒரு மொழிக்குத் தனக்கென ஓர் இடமும் நேரமும் அவசியம். ஆயின், எந்நேரமும் இவ்வாறே என்றாகிவிட்டால், ஒரே கட்டடத்தை மூன்று கூட்டத்தார் முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர் என்பதற்கு மேல் அங்கே ஒற்றுமை ஏதுமில்லை. ஒருவர் வெளியேறும் வாசலில் மற்றவர் நுழைகின்றனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அன்று மாண்டவர் 250 பேருக்கும் மேற்பட்டோர். மாண்டோர் பட்டியலிலே தமிழ்ப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் கலந்து கிடந்தன. பெர்னாண்டோ, பெரேரா என்ற பெயர்களைக் கொண்டு ஒருவரின் மொழி எதுவென்று துணிதலும் அரிது. சாவு அவர்களை மொழிவாரியாகப் பிரிக்கவில்லை. அவர்களுக்காக அழுவோர் மட்டும் வெவ்வேறு வேளைகளில் அழவேண்டும் என்பது பொருத்தமாகுமா?

மூன்றாவது, ஆங்கிலத்தைப் பொதுவாகக் கொள்வது. தமிழனுக்கும் சிங்களவனுக்கும் நடுவே அது நடுநிலை மொழி என்பர். இரண்டு இனங்களுக்கிடையே அது நடுநிலை வகிக்கலாம். இரண்டு வர்க்கங்களுக்கிடையே ஒருபோதும் வகிப்பதில்லை. நகரத்து வீடொன்றிற் சமையல் வேலை செய்யும் மலைநாட்டுப் பெண், எசமானியம்மாவுடன் ஆங்கிலப் பூசைக்கு வந்து கடைசி வாங்கில் அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எசமானி தமிழச்சியாய் இருந்தாலும் சிங்களப் பெண்ணாய் இருந்தாலும் அவளுக்கு என்ன வேறுபாடு? பாட்டுப் புத்தகம் அவள் கைக்கு வருவதேயில்லை, வந்தாலும் பயனில்லை.

நான்காவது, அடையாளத்துக்காக ஒரு சரணம். திருவிழா நாளிலே, மேலிடத்துப் பிரமுகர் வருகையிலே, ஐந்து சிங்களப் பாட்டுகளுக்கு நடுவே தமிழில் ஒரு சரணம். 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தன்று அரச விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020ஆம் ஆண்டு விழாவில் அது விடப்பட்டது. மெட்டு ஒன்றே, பொருளும் ஒன்றே. எனினும் ஒருவர் மனமுவந்து அனுமதித்தது, இன்னொருவர் மனம் மாறியதும் நின்றுபோயிற்று. விரும்பினாற் கொடுக்கவும் வேண்டாவிட்டால் எடுக்கவும் கூடிய ஒன்று விருந்தாகலாம்; பங்காகாது.

அவ்வாறாயின் நாம் கூறுவது என்ன? கொன்சால்வெஸ் காலத்து வரலாறு காட்டிய உண்மையைத் தலைகீழாக்கிக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே. அதிகாரமற்றவன் பிறர் மொழியைக் கற்பது வரலாற்றின் வழக்கம். அதிகாரமுள்ளவன் கற்பதே அறத்தின் வழக்கமாதல் வேண்டும். கற்றற் சுமையை அது யாருக்கு இலகுவோ அவர் சுமப்பதே நீதி. வலுவான மொழிக்காரர் நலிந்த மொழியில் ஒரு பாட்டைக் கற்பதால் அவர் மொழி அழியப்போவதில்லை. நலிந்த மொழிக்காரர் எல்லாப் பாட்டையும் வலுவான மொழியிலே கற்பதால் அவர் மொழி அழியக்கூடும். இருவரும் செய்யும் செயல் வெளிப்பார்வைக்கு ஒன்றே, விளைவு ஒன்றன்று. சமத்துவம் என்பது எல்லோர் தோளிலும் ஒரே நிறையை ஏற்றுவது அல்ல என்பதைத் தொழிலாளர் இயக்கத்தின் வழிவந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பொருள் தெரியாமற் பிறமொழியிற் பாடுவது கிளிப்பாட்டன்றோ? இலத்தீனைக் குறைகூறிய வாயால் இதனை எவ்வாறு ஆதரிப்பது? விடை எளிது. இலத்தீன், வாங்கில் அமர்ந்திருந்த எவரது மொழியும் அன்று. தமிழோ சிங்களமோ பக்கத்தில் நிற்பவரின் மொழி. இச்சொல்லுக்கு என்ன பொருள் என்று அவரைக் கேட்கலாம். பிழையாக உச்சரித்தால் அவர் திருத்துவார். நாள்தோறும் திருத்தப்பட்டே பழகியவர், அன்று ஒருநாள் திருத்துபவராகிறார். ஒரு சிறிய பல்லவியிற் பத்துச் சொற்களுக்கு மேல் இராது. பேச்சிலே பிறமொழியைக் கையாள ஆண்டுகள் வேண்டும். பாட்டிலே ஓர் அரைமணி நேரம் போதும். கலைகளுள் இசைக்கு மட்டுமே உரிய இந்த வசதியைப் பயன்படுத்தாது விடுவது பெருந் தவறாகும்.

ஆகவே பாடகர் குழாத்தை நடத்துபவரின் தொழில் நுணுக்கங்கள் யாவும் அறப்பிரச்சினைகளாகவும் இருக்கின்றன. பயிற்சிபெற்ற இளங்குரலுக்கு ஏற்ற உயர்ந்த சுருதியில் அவர் பாட்டைத் தொடங்கினால், முதியோரும் ஆண்களும் முதலடியிலேயே வாய்மூடிவிடுவர். ஒலிபெருக்கியைக் குழாத்துக்கு மட்டும் வைத்துச் சத்தத்தை ஏற்றினால், கூட்டம் தன் குரலைத் தானே கேட்கவியலாமல் அடங்கிவிடும். மேனாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைத் திணிக்கும்போது குறிலின் மீது நீண்ட சுரம் விழுந்தால் மனம் மானமாகும்; பலன் பாலனாகும். மொழிக்காரரின் செவிக்கு இது சிறிய பிழையன்று. உன் மொழி எமக்கு வெறும் ஓசை என்று சொல்வதற்குச் சமம். மெட்டைச் சொல்லுக்கு இணங்க மாற்றுபவர் அம்மொழிக்காரரை மதிக்கிறார். நமது கூத்து மரபிலே அண்ணாவியார் முன்பாட, பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். எழுத்தறியாதவரும் புத்தகமில்லாதவரும் உடனே கலந்துகொள்ளக்கூடிய முறை இது. ஒரு மொழியிற் பல்லவி, மற்ற மொழியிற் சரணம், அடுத்த வாரம் அது மாறி வருதல் என்று இம்முறையை இருமொழிக்கும் பொருத்துவது அருமையன்று. குழாத்தின் திறமைக்கு அளவுகோல் அதன் இனிமை ஒன்றேயானால் அது கச்சேரி. கடைசி வாங்கில் இருப்பவர் வாய்திறந்தாரா என்பதையும் அளவிட்டாலே அது பங்கின் பாட்டு.

மொழியைச் சீர்செய்துவிட்டால் எல்லாம் சீராகும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு எண்ணுவோருக்குத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் தக்க பாடம். அங்கே வழிபட்டோர் யாவரும் தமிழரே. பாடியதும் ஒரே தமிழே. ஆயினும் 19ஆம் நூற்றாண்டிலே சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்தும் வகையில், காற்சட்டையின் இரு கால்களைப் போல ஆலயம் கட்டப்பட்டது. பிரிவுச் சுவர் பின்னர் இடிக்கப்பட்டபோது, அதனைத் திரும்பக் கட்டவேண்டும் என்று உயர்சாதியினர் தொடுத்த வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று, அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. ஒரே மொழியிற் பாடியும் ஒருவரை ஒருவர் தீண்ட மறுக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நமது யாழ்ப்பாணமும் இவ்விடயத்திற் பிறரை நோக்கி விரல்நீட்டும் தகுதியுடையதன்று. வெள்ளைக்காரனின் ஓகனைப் பீடத்தருகே வரவேற்றவர்கள் பறையை வாசலுக்கு வெளியே நிறுத்தியதற்குச் சுருதியோ தாளமோ காரணமன்று; அதனை அடிப்பவனின் சாதியே காரணம். ஆகவே, யாருடைய மொழி என்ற கேள்வியோடு யாருடைய கை, யாருடைய வாத்தியம் என்ற கேள்விகளும் சேர்ந்தே எழவேண்டும்.

ஞாயிறன்று சேர்ந்து பாடிவிட்டுத் திங்களன்று கூலியைக் குறைப்பவனின் பாட்டால் யாருக்கு என்ன பயன் என்று நமது நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாட்டு கூலியை உயர்த்தாது. காணியைத் திருப்பித் தராது. காணாமற் போனோரை மீட்டுத் தராது. பாடிவிட்டோம், ஒற்றுமை வந்துவிட்டது என்று திருப்தியுறுவது ஆபத்தானதுங்கூட. ஆயினும் மனிதர் சமத்துவத்தைப் புத்தகத்தில் மட்டும் கற்பதில்லை. செய்து பழகியும் கற்கின்றனர். தன் மொழியிற் பிறர் பாடக் கேட்ட ஒருவர், அரச அலுவலகத்தில் அம்மொழியிற் கடிதம் மறுக்கப்படும்போது அதனை விதியென்று ஏற்கமாட்டார். பிறர் மொழியிற் பாடிப் பழகியவர், அம்மறுப்பைக் கண்டு சும்மா இருப்பதற்குச் சற்றேனும் கூசுவார். இவ்வளவு பயன் போதும். இதற்கு மேல் ஒரு பாட்டிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

இவ்விடயம் கோவிலுக்குள் மட்டும் நின்றுவிடுவதுமன்று. இருமொழி மாணவர் பயிலும் பாடசாலையிற் காலைக் கூட்டத்தை எம்மொழியில் நடத்துகிறோம்? தொழிற்சங்கக் கூட்டத்தில் எவருடைய பேச்சு மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கிறது? மேதின மேடையிலே தமிழ்ப் பேச்சுக்கு எந்நேரம் ஒதுக்கப்படுகிறது. அப்போது மைதானத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர்? கோவிலைக் குறைகூறுமுன் நமது சொந்த மேடைகளை நோக்கி இக்கேள்விகளைக் கேட்டல் நன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் இடத்திலே, அடுத்த கூட்டத்திலேயே, இதனைத் தொடங்கலாம். பலமுள்ளவர் முதலிற் கற்கட்டும். ஒரு பல்லவியளவாவது கற்கட்டும்.